சின்னக் கைகள் வரையும் சமாதானம்



"உம்மா, சமாதானத்தைப் பற்றிப் போஸ்டர் வரைந்துகொண்டு போக வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஒரு வெள்ளைப் புறா, நடுவில் பூமி உருண்டை, சுற்றிவரக் கைகோத்த சிறுவர்கள் என்று நாமே கீறிக் கொடுத்துவிட்டு, நிறம் தீட்டும் வேலையை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். படம் அழகாக வரும், பரிசும் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை உண்மையில் என்ன நினைக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பிள்ளைகளிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சூடானின் தார்பூர் பிரதேசத்திலிருந்து தப்பியோடிய மக்கள் அயல்நாடான சாட்டில் அகதி முகாம்களில் இருந்தார்கள். 2005 இல் அங்கு சென்ற மனித உரிமை ஆய்வாளர்கள், பெரியவர்களிடம் விபரம் கேட்கும் நேரத்தில் பிள்ளைகளின் கைகளில் கடதாசியும் கிரேயோனும் கொடுத்தார்கள். எதை வரைய வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. குதிரையிலும் ஒட்டகத்திலும் துப்பாக்கியோடு வந்தவர்களையும், குண்டு போட்ட விமானங்களையும், எரியும் குடிசைகளையும் அந்த முஸ்லிம் பிள்ளைகள் வரைந்து கொடுத்தார்கள். 2007 இல் வேறோர் அமைப்பு திரட்டிய இத்தகைய படங்கள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் கையளிக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் போர் மூண்டது. சித்திரம் போரை நிறுத்திவிடாது என்பது உண்மைதான். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று மறைக்க அது இடம் கொடாது.

யப்பானின் ஹிரோஷிமா நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அங்கு அணுகுண்டு போடப்பட்டது. அந்த வருட முடிவுக்குள் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள். அந்நகரின் மொத்தோமாச்சி உயர்தரப் பாடசாலையில் சித்திரம் பயிலும் மாணவர்கள், 2007 முதல், உயிர் தப்பிய முதியவர்களுடன் அமர்ந்து அவர்கள் கண்டவற்றைக் கேட்டு எண்ணெய் வர்ணத்தில் தீட்டி வருகிறார்கள். ஒரு படம் முடியப் பல மாதங்கள் செல்லும். வரைந்ததை முதியவரிடம் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, மீண்டும் காட்டுவார்கள். இங்கே பிள்ளை வரையக் கற்பதற்கு முன்னர் கேட்கக் கற்கிறது. நம் வீடுகளிலும் பேசாத மூத்தம்மாக்கள் இருக்கிறார்கள் அல்லவா? 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களின் கதையை எத்தனை பேரப்பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்?

லயன்ஸ் கழகங்கள் 1988 முதல் உலகளவில் சமாதானச் சுவரொட்டிப் போட்டி நடத்தி வருவதை அறிந்திருப்பீர்கள். 11 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கானது அது. படத்தில் ஓர் எழுத்தோ இலக்கமோ இருக்கக் கூடாது என்பது அதன் விதி. பேச்சால் சொல்ல முடியாததைப் படத்தால் மட்டுமே சொல்ல வேண்டும். முதலாவது போட்டியில் உலகப் பரிசு பெற்றது லெபனான் நாட்டுப் பிள்ளை. அப்போது அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் முடிந்திருக்கவில்லை!

சமாதானம் என்றால் துப்பாக்கி ஓய்வது மட்டுமா? மனிதனின் அலட்சியமும் உயிரைக் குடிக்கிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டில் வீடுகளின் சமையலறைக் குப்பையும் இருந்தது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நமது கடலில் தீப்பற்றியது. அதிலிருந்த ஒரு கொள்கலனில் அமிலம் கசிவது முன்னரே தெரிந்திருந்தது. இரண்டு துறைமுகங்கள் அதை இறக்க மறுத்திருந்தன. கப்பல் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. கடற்றொழிலாளர்களின் அடுப்பு அணைந்தது.

புயலும் சுனாமியும் அல்லாஹ்வின் நாட்டம். இவையோ நம் கைகள் தேடிக்கொண்டவை. கரையிலும் கடலிலும் மனிதச் செயலால் தோன்றும் சீர்கேட்டை அல்குர்ஆனின் 30 ஆம் அத்தியாயம் 41 ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. மனிதன் செய்ததை மனிதன் தடுக்கவும் முடியும். ஒரு நல்ல சுவரொட்டி சொல்ல வேண்டியதும் இதுவே: எந்த இடத்தில், எந்தக் கை சற்று நின்றிருந்தால் இது நடந்திருக்காது?

ஆகவே சகோதரிகளே, பிள்ளை வரைய உட்காரும்போது பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள். "உனக்கு எதைக் கண்டால் பயம்? அதை யார் தடுத்திருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உங்களைச் சங்கடப்படுத்தலாம். வீட்டில் கேட்கும் சண்டையையே பிள்ளை வரைந்து வைக்கலாம். அதற்காகக் கோபிக்காதீர்கள், படத்தை மறைக்கவும் வேண்டாம்.

உயிருள்ளவற்றை வரையலாமா என்று தயங்கும் வீடுகளும் உண்டு. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தயக்கம் இருந்தால் உருவமின்றியே வரையலாம். கரையில் தனியே கிடக்கும் வள்ளம், சாம்பலாகிய மரம், வாசலில் ஆளில்லாத ஒரு சோடிச் செருப்பு ஆகியவை முகமின்றியே பேசும்.

முடிந்த படத்தை விருந்தினர் அறையில் மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். குப்பையைப் பற்றிய படமானால் அதன் இடம் உங்கள் சமையலறைக் கதவு. அடுத்த நாள் தொடக்கம் உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் நீங்களே பிரித்துப் போடுங்கள். தன் படத்துக்கு உம்மா கீழ்ப்படிந்தார் என்பதைக் காணும் பிள்ளை, நாளை ஊருக்கும் நல்லது சொல்லத் துணியும், இன்ஷா அல்லாஹ்.