மூணு நாள் அடுப்புக்கு லீவு!



"எல்லாம் சேர்த்து ஒரே பணம், சாப்பாட்டைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்று விளம்பரம் செய்கிற ரிசார்ட்டுகளுக்குப் போகலாமா, வேண்டாமா? என் தங்கையில் ஆரம்பித்து எதிர்வீட்டு அக்கா வரை எல்லாரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். காரணம், 2025 டிசம்பர் அரையாண்டு லீவில் நாங்கள் ஏற்காட்டில் அப்படி ஒரு இடத்தில் தங்கிவிட்டு வந்தோம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நம் பக்கத்துக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு பழைய கதை. 2016-ல் கொடைக்கானல் போனோம். 'சமையல் வசதியோடு வீடு' என்று வாடகைக்கு எடுத்தார் எங்க வீட்டுக்காரர். ஓட்டல் செலவு மிச்சமாம்! அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், குக்கர், ஏன், தேங்காய்த் துருவி கூட கரூரிலிருந்து வேனில் ஏறி வந்தது. எல்லாரும் ஏரியைச் சுற்றப் போனார்கள். நானும் அத்தையும் (என் மாமியார்தான்) பத்துப் பேருக்குச் சோறு வடித்தோம். ஊருக்குத் திரும்பியதும் "கொடைக்கானல் எப்படி இருந்துச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "பாத்திரம் கழுவுற தண்ணி ஜில்லுனு இருந்துச்சு" என்றேன். வேறு எதைச் சொல்வது?

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி ஊருக்குப் போனால் அடுப்பு இல்லாத இடத்துக்குத்தான் போவது!

அதற்கு ஒன்பது வருஷம் ஆனது. இரண்டு வருஷமாக நான் கட்டிய சீட்டு, போன நவம்பரில் முப்பதாயிரமாகக் கைக்கு வந்தது. "ரெண்டு கிராம் தங்கமாச்சும் வாங்கி வைக்கலாம், மூணு நாள்ல தின்னு தீர்க்கணுமா?" என்றார் எங்க வீட்டுக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை வியாதி வேறு. இன்னும் எத்தனை லீவு அவர்களால் எங்களோடு வரமுடியும்? "என் சீட்டுப் பணம், என் இஷ்டம்" என்று கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை என்பது வேறு விஷயம்!

ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்கால டீ எல்லாம் அதிலேயே அடக்கம். பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் பாதிப் பணம். சின்னவனுக்கு ஒன்பது, சரி. பெரியவளுக்குப் பதிமூன்று முடிந்ததால் முழு ஆளாகிவிட்டாள்! ஆக, ஒரு ராத்திரிக்கு 13,500. இரண்டு ராத்திரிக்கு 27,000. வரி சேர்த்து 28,350. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அத்தை வந்து சேர்ந்தார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். இட்லி, பொங்கல், பூரி, ரொட்டி, பழம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பையன் கல்லில் தோசை வார்த்து நேரே தட்டில் போட்டான். அத்தை பிய்த்து வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "ஏங் கண்ணு, தோசையக் கல்லுல இருந்து எடுத்த சூட்டோட நான் உக்காந்து தின்னு எத்தன வருசமாச்சு தெரியுமா?" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் தோசை வார்ப்பவளுக்குக் கடைசித் தோசைதான். அதுவும் ஆறிப்போய், சட்னி வழித்த கிண்ணத்தோடு. அத்தைக்கு அப்படியே ஐம்பது வருஷம் போயிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, யாரும் "இன்னொண்ணு" என்று கேட்காமல் சாப்பிட்டோம். இதற்கே சீட்டுப் பணம் செரித்துவிட்டது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பெரியவள் படித்துச் சொன்னாள். 1950-ல் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மயோர்கா தீவில், ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியம்காரர் 'கிளப் மெட்' என்ற பெயரில் கூடாரம் போட்டு ஆரம்பித்தாராம். தங்குவது, சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மதுவுக்கு மட்டும் காசுக்குப் பதிலாகப் பாசிமணியைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்ததாம். பர்ஸைத் தொடாமல் பொழுது போகவேண்டும் என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பர்ஸைத் தொடாததால் வருகிற தொல்லைகளும் உண்டு. அதையும் கேளுங்கள்.

முதல் தொல்லை எங்க வீட்டுக்காரர்தான்! "காசு கொடுத்தாச்சு, நல்லா சாப்பிடு" என்பதையே மூன்று நாளும் மந்திரம் போலச் சொன்னார். சின்னவன் ஐஸ்கிரீமும் நூடுல்ஸுமாகத் தின்று ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாசனை மூக்கைத் துளைத்தது. வாங்கக் கூடாதாம். "உள்ளே நாலு மணிக்கு பஜ்ஜி தர்றாங்க, அதுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கேன்." சேர்வராயன் கோவிலுக்குப் போன இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றால், மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணியோடு முடிந்துவிடுமே என்று ஓட்டம். பகோடா பாயிண்ட் போகவே இல்லை. ஊரைப் பார்க்கப் போய்விட்டுச் சாப்பாட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்! பஜ்ஜிக்கடை அக்காவுக்கும் எங்களால் ஐந்து பைசா லாபமில்லை.

இரண்டாவதுதான் நான் முக்கியமாக எழுத நினைத்தது. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

அங்கே ராத்திரிச் சாப்பாடு எட்டரை மணிக்கு. அத்தை வீட்டில் ஏழரைக்கு மாத்திரை போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். முதல் நாள் எப்படியோ சமாளித்தோம். இரண்டாவது நாள் பழக்கதோஷத்தில் ஏழரைக்கே மாத்திரையைப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் அதிகம், எட்டரைக்குத் திறக்க வேண்டியது ஒன்பதாகும் என்றார்கள். எட்டே முக்காலுக்கு அறையில் அத்தைக்குக் கை நடுங்குகிறது. அந்தக் குளிரில் நெற்றியில் வியர்வை! பேச்சு குழறியது. எனக்கு உயிரே போய்விட்டது. கொண்டு வந்த பிஸ்கட், முறுக்கு எல்லாம் காரில் இருக்கிறது. 'வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு வரக்கூடாது' என்பது அவர்கள் சட்டம். டிரைவர் காரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். சமையல்கட்டுக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை.

அப்போதுதான் பெரியவள், டீ போட அறையில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பார்த்தாள். மூன்றைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. எங்க வீட்டுக்காரர் சமையல்கட்டுக்கே ஓடி ஒரு தட்டில் சாதம் வாங்கி வந்துவிட்டார். அன்றைக்கு அவர் "காசு கொடுத்தாச்சு" என்று சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் சொன்னோம். நீங்கள் செய்தது சரிதான் என்றார். இப்படி வேர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யவேண்டும்.

கடைசியாக பில். 'எல்லாம் சேர்த்து' என்றார்களே தவிர, தண்ணீர் பாட்டில் தனி, ராத்திரி நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தது தனி, சின்னவனுக்கு அறைக்கு வரவழைத்த கஞ்சி தனி. 2,460 ரூபாய் கூடுதல்! அதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி வேறு. இதைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. பெரியவள் எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அடித்துவிட்டார்கள். படிக்க வைத்தது வீண்போகவில்லை!

போக நினைக்கும் தோழிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

* பணம் கட்டுமுன் எந்த 'பிளான்' என்று கேளுங்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்றால் டிபனோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

* எது எது சேராது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும்.

* பிள்ளைகளுக்கு எத்தனை வயது வரை பாதிப் பணம் என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ், புது வருஷ ராத்திரியில் 'விசேஷ விருந்து' என்று தனியாகக் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு.

* ஒரு நாள் ஒரு அறைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை என்றால், 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். பில்லைப் பாருங்கள். தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

* சாப்பாட்டு நேரத்தைக் கேட்காமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். மருந்துக்காகக் கொண்டு போகும் பிஸ்கட், சர்க்கரை, பழம் கைப்பையிலேயே இருக்கட்டும். யார் தடுத்தாலும் விடாதீர்கள்.

* மாலத்தீவு போன்ற இடங்களில் 'ஆல் இன்க்ளூசிவ்' என்றால் பெரும்பாலும் மதுவும் சேர்ந்த விலை. குடிக்காதவர்கள் அதற்கும் சேர்த்துக் கட்டுவானேன்? என் நாத்தனார் விசாரித்துச் சாப்பாடு மட்டும் சேர்ந்த 'ஃபுல் போர்டு' எடுத்தாள். தீவுக்குப் போகும் படகுக் கூலியையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

சரி, போகலாமா, வேண்டாமா? கைக்குழந்தைக்காரிகளும், வருஷம் முழுக்க வேலைக்கும் வீட்டுக்கும் ஓடி அலுத்தவர்களும், எங்கேயும் அலையாமல் ஓய்வெடுக்க நினைப்பவர்களும் தாராளமாகப் போகலாம். ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு டிபன் மட்டும் சேர்ந்த அறையே போதும். மத்தியானம் போன இடத்தில் பசிக்கு ஏற்ற மாதிரி சாப்பிட்டுக்கொள்ளலாம். அடுத்த தடவை நான் அப்படித்தான் போகப்போகிறேன். ஏரிக்கரை பஜ்ஜி பாக்கியிருக்கிறதே!

இன்னொரு விஷயம். ஊருக்கு வந்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். "நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார் எங்க வீட்டுக்காரர். முதல் தோசை கருகியது. இரண்டாவது இலங்கை வரைபடம் மாதிரி இருந்தது. ஆனால் சூடாக இருந்தது! அன்றிலிருந்து வாரம் ஒரு ராத்திரி தோசை அவர் பொறுப்பு. முதல் தோசை அத்தைக்கு, இரண்டாவது எனக்கு.

இதற்குச் சீட்டுக் கட்டத் தேவையில்லை தோழிகளே. உங்கள் வீட்டிலும் கேட்டுத்தான் பாருங்களேன்!

— ஒரு வாசகி, கரூர்.