இருப்பும் ஏற்பும்



பாபநாசம் அணை நிரம்பியது என்றால் தாமிரபரணிக் கரை மக்கள் மகிழ்வர். ஆயினும், கால்வாய் வழி வந்து மடை திறந்து பாயும் நீரன்றோ பயிரை வளர்க்கும்? உணவிலுள்ள தாது உப்புக்களின் நிலையும் இதுவே. உணவில் இருப்பது ஓர் அளவு. அதில் உடல் ஏற்பது வேறோர் அளவு.

இதனை எனக்கு உணர்த்தியவள் என் பேத்தி. ஏழாம் மாதம் முதல் அவளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டினோம். கேழ்வரகில் இரும்பும் சுண்ணாம்பும் உண்டென்று வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்தவன் நான். எனினும் குழந்தை வெளிறிப் போனாள். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் இரும்புச் சத்துக் குறைவு என்றார். இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

காரணம் என்ன? நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே தானியத்தில் ஃபைடிக் அமிலமும் உண்டு. அது இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு, குடல் அவற்றை ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், ஃபைடேஸ் என்னும் நொதி அவ்வமிலத்தைச் சிதைக்கிறது. நாங்களோ முளைகட்டாமலே வறுத்து அரைத்தோம்! வறுத்த விதை முளைக்காது. அதிலுள்ள நொதியும் வெப்பத்தால் அழியும். முளைகட்டி, உலர்த்தி, அதன்பின் வறுப்பதே முறை. மாவைச் சலித்தால் தவிட்டோடு தடைப்பொருளும் குறையும். சுண்ணாம்பும் ஓரளவு போகும்.

குழந்தைகளுக்கான பால்மாவிலும் இதே கணக்குத்தான். மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை வகுத்தது. பாலை உலர்த்துவதால் இரும்பு ஆவியாகிவிடாது. ஆனால் பாலில் இயல்பாகவே இரும்பு குறைவு; அதிலுள்ள சுண்ணாம்பும் கேசீன் என்னும் புரதமும் அந்தச் சிறிதையும் ஏற்கவிடாமல் தடுப்பன. ஆகவே பால்மாவில் இரும்பையும், அதனை ஏற்க உதவும் வைட்டமின் சி-யையும் சேர்க்கின்றனர். அந்த வைட்டமினோ வெப்பத்தாலும் நெடுநாள் இருப்பாலும் குறைவது. தாய்ப்பாலில் இரும்பு சிறிதே. எனினும் பசும்பாலைவிட அதில் பெரும்பங்கு உடலிற் சேரும். முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே போதுமான உணவு.

மருத்துவர் தந்த இரும்புச் சொட்டு மருந்தே என் பேத்தியைத் தேற்றியது. முளைகட்டிய மாவு துணை நின்றது. ஆதலால், சத்து எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அது எவ்வாறு பக்குவப்படுத்தப்பட்டது என்றும் கேளுங்கள்.