கன்னத்துக்கும் கட்டைக்கும் என்ன உறவு?

2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி. பீஜிங் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் இறுதிச் சுற்று ஆரம்பமாகச் சில நிமிஷங்களே பாக்கி. அபினவ் பிந்த்ரா என்ற இந்திய இளைஞர் துப்பாக்கியைச் சரிபார்ப்பதற்காக ஒரு ரவையைச் சுடுகிறார். கிடைத்த எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு! பத்தை விட்டு இறங்கிப் பழக்கமில்லாத கைக்கு நாலு!

கை தவறவில்லை. அதுவரை ஒழுங்காக இருந்த குறிபார்க்கும் துளை எப்படியோ இடம் பெயர்ந்திருந்தது. பிந்த்ரா பதறவில்லை. திருகைத் திருப்பினார், மறுபடி சுட்டுப் பார்த்தார், துப்பாக்கியை வழிக்குக் கொண்டு வந்தார். பிறகு இறுதிச் சுற்றில் சுட்ட பத்து ரவைகளில் ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. கடைசி ரவை 10.8! தனிநபர் போட்டியில் பாரதத்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

"இருக்கட்டும் ஐயா, எங்கள் வீட்டில் யார் துப்பாக்கி தூக்கப் போகிறார்கள்?" என்று கேட்கிறீர்களா? அப்படிச் சொல்லி விடாதீர்கள். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வாங்கியிருக்கிறார். இன்று உங்கள் வீட்டுப் பதினாலு வயதுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, எனக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வேண்டும்" என்று கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உயர்ந்த ரகத் துப்பாக்கி நல்லதொரு மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். அம்மாவின் வளையல் வங்கிக்குப் போகும் முன்னால், அந்தத் துப்பாக்கியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

கடுகளவு புள்ளி

முதலில் இலக்கைப் பாருங்கள். முழு இலக்கின் குறுக்களவே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவிலுள்ள 'பத்து' என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பென்சில் முனையை வைத்து எடுத்தாற்போல் இருக்கும். ரவையோ 4.5 மில்லிமீட்டர். அதாவது, குறியைவிட ரவை ஒன்பது மடங்கு அகலம்! பத்து மீட்டர் தூரத்தில் நின்றபடி, எதிலும் சாயாமல், அறுபது தடவை அந்தப் புள்ளியைத் தேட வேண்டும்.

பின்னால் கண்ணருகே ஒரு சிறு துளை; முன்னால் குழல் நுனியில் ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். பின் துளை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், இலக்கில் ரவை 1.25 மில்லிமீட்டர் தள்ளி விழும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். ஆக, தலைமுடியின் பருமனளவு பிசகினால் அரை மார்க் போயிற்று! அரை மார்க் என்ன பிரமாதம் என்கிறீர்களா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இளவேனில் 654-க்கு 630.7 எடுத்தார். பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போனது முதல் எட்டுப் பேர்தான்.

தையற்காரரின் வித்தை

பழைய மரக்கட்டைத் துப்பாக்கி ஆயத்தச் சட்டை மாதிரி. யாருக்கும் ஏறும், யாருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. இக்காலத்துப் போட்டித் துப்பாக்கியின் கட்டையோ அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. ஜெர்மனியில் உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ், வால்தர், ஓபர்ன்டார்ஃப் ஊரின் ஃபைன்வெர்க்பௌ ஆகிய கம்பெனிகள் இதில் பெயர் பெற்றவை. கன்னம் படியும் தாங்கி ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நகரும். தோளில் பதியும் தகடு மேலும் கீழும் போகும், சாயவும் செய்யும். கட்டையின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கைப்பிடி திரும்பும்.

இத்தனை திருகுகளும் எதற்காக? உடம்பு துப்பாக்கிக்காக வளையக் கூடாது, துப்பாக்கிதான் உடம்புக்காக வளைய வேண்டும் என்பதற்காக. வளரும் பெண்ணுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு வருஷத்தில் அவள் நாலு விரற்கடை உயர்ந்தாலும் துப்பாக்கியும் கூடவே வளரும்!

கடையில் செய்ய வேண்டியவை

ரவை போடாத துப்பாக்கியை, ஆள் நடமாட்டமில்லாத சுவர்ப் பக்கம் பெண் ஏந்திக் கொள்ளட்டும். கண்ணை மூடிக் கன்னத்தைத் தாங்கியில் பதித்துவிட்டு, பிறகு கண்ணைத் திறக்கட்டும். துளையின் நடுவே வளையம் தானாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால், தாங்கியின் திருகைத் திருப்புங்கள். எவ்வளவு திருப்பியும் சரிப்படவில்லையென்றால், அந்தத் துப்பாக்கி அவளுக்கு இல்லை.

அடுத்தது விரல். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையின்மேல் நேராகப் படிய வேண்டும். விரலின் பக்கம் கட்டையில் உரசக் கூடாது.

மூன்றாவது எடை. விதிப்படி காற்றுத் துப்பாக்கி ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்காக ஐந்தரையும் வேண்டும் என்பதில்லை. கழற்றக்கூடிய எடைத்துண்டுகள் இருந்தால் இப்போது குறைவாக வைத்துக் கொண்டு, உடம்பில் பலம் ஏற ஏறச் சேர்த்துக் கொள்ளலாம்.

நான்காவது குழல். பிடிப்பானில் துப்பாக்கியை இறுக்கி வைத்து ஐந்து ரவை சுடச் சொல்லுங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழ வேண்டும். சிதறினால் உடனே குழலின்மேல் பழி போடாதீர்கள். வேறு ரவைகளையும் போட்டுப் பாருங்கள். அரிசிக்கு அரிசி பக்குவம் வேறுபடுகிற மாதிரி, ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ரவை பிடிக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று உருளையின்மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். உருளைக்கும் ஆயுள் உண்டு. இராத்திரி காற்றின் அளவைக் குறித்து வைத்துக் கொண்டு, காலையில் மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. திருகுகளின் தலை தேய்ந்திருந்தால், யாரோ அவசரக்காரர் கையில் அது அகப்பட்டிருந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் நாட்டு 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ இருபது ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். போட்டித் துப்பாக்கி இந்த வரம்புக்குள் அடங்கும். ஆனாலும், பணம் கட்டுமுன் உங்கள் ஊர் ரைபிள் சங்கத்தில் விசாரித்துக் கொள்வது நல்லது. வரம்புக்குள் இருப்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. ஒரு கண்ணைப் பறிக்க அதன் பலம் தாராளமாகப் போதும். பூட்டிய பெட்டியில் வையுங்கள். சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும். ரவை இல்லை என்று தெரிந்தாலும் குழலை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது.

பெண்ணுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்தத் திருகு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று முதல் நாளே எழுதி வைக்கட்டும். மாற்றுவதானால் ஒரு சமயத்தில் ஒரே திருகுதான். அதையும் தேதி போட்டுக் குறித்து, சில நாள் சுட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஒரே நாளில் நாலு திருகையும் திருப்பினால், குற்றம் எதில் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது!

இன்னொரு சோதனையும் உண்டு. குறிபார்த்து நின்றபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால், குறி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதா? கையால் இழுக்க வேண்டாம். திருகையும் தொட வேண்டாம். பாதத்தைச் சற்று நகர்த்தி நின்றால் போதும். பிசகு நின்ற விதத்தில் இருக்கும்போது துப்பாக்கி என்ன செய்யும்?

பிந்த்ராவுக்கு அன்று கை கொடுத்தது விலை உயர்ந்த துப்பாக்கி மட்டுமல்ல. நாலு விழுந்தபோது, பிசகு கையிலா கருவியிலா என்று நிதானமாகப் பிரித்தறியும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உங்கள் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில்தான் அது தினம் ஒரு வரியாகச் சேர வேண்டும்.