டிப்பர் பாடி இறங்கியாச்சு... டேஷ்போர்டு விளக்கு மட்டும் ஏன் அணையலை?

கூரை மடங்கும் கார் ஒன்று சேலம் ஐந்து ரோடு சிக்னலில் வந்து நின்றால் போதும், பச்சை விழுந்த பிறகும் பின்னால் நிற்கும் பைக்குகள் நகராது. பாதிப் பேர் கையில் போன் இருக்கும். பட்டனை அழுத்தியதும் கூரை எழுந்து, மடங்கி, டிக்கிப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும் அழகே தனி. பி.எம்.டபிள்யூ இசட்-4 காரில் இதற்கு 10 விநாடிதான். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக்கொண்டேகூடத் திறக்கலாம்.

அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களைக் கடுப்பேற்றும் விஷயம் ஒன்று உண்டு. கூரை ஒழுங்காக மூடியிருக்கும். ஆனால், 'கூரை இன்னும் பூட்டவில்லை' என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு விடாமல் எரியும்.

நம் பக்கம் இந்தக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் துணிக்கூரை மாடல்கூடக் கையால் மடக்கும் ரகம்தான். ஆனால், இதே விளக்கு இதே வேலைக்காக இன்னொரு வண்டியிலும் இருக்கிறது. அந்த வண்டியைப் பார்க்காமல் சேலத்திலிருந்து நாமக்கல் வரை போகவே முடியாது. ஜல்லி, எம்-சாண்ட், மண் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு நம்மை முந்திப்போகும் டிப்பர் லாரிதான் அது.

காரில் இந்த விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதிகபட்சம் மழையில் நனைவோம், இல்லையென்றால் காசு செலவாகும். டிப்பரில் கண்டுகொள்ளாமல் விட்டால் உயிர் போகும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

விளக்குக்கு எப்படித் தெரியும்?

கூரையையும் பாடியையும் கண்ணால் பார்க்கிற வசதி எந்த விளக்குக்கும் கிடையாது. எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் சொல்வதை அது நம்புகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1959 வரை 'ஸ்கைலைனர்' என்று ஒரு காரை விற்றது. அதன் இரும்புக் கூரை முழுசாக டிக்கிக்குள் போய் மறையும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் 10 லிமிட் ஸ்விட்ச், 7 மோட்டார், 180 மீட்டருக்கும் அதிகமான ஒயர்! கூரை ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஒரு ஸ்விட்ச் 'சரி' என்று சொன்னால்தான் அடுத்த கட்டம் நகரும். இன்றைய கார்களில் ஸ்விட்சுக்குப் பதில் சென்சார், அதற்கு மேலே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அடிப்படை மாறவில்லை.

அதனால்தான் காரில் கூரை விளக்கு எரிந்தால் முதலில் எளிய விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். டிக்கிக்குள் கூரைக்கு இடம் ஒதுக்கும் தடுப்பு சரியாக இறங்கியிருக்கிறதா, பை எதுவும் இடிக்கிறதா, பேட்டரி சோர்ந்திருக்கிறதா, கூரையைப் பூட்டும் கொக்கியில் தூசி அடைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பல நேரம் விஷயம் முடிந்துவிடும். மோட்டார் எரிந்துவிட்டது, பம்ப் போய்விட்டது என்று பெரிய செலவுக்குப் பயப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிப்பருக்கும் இதே வழிதான். ஆனால் ஒரு வித்தியாசம். லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடு முழுக்கப் பேர் இருக்கிறது. வெறும் சேஸிஸாக வரும் வண்டி இங்கே பட்டறைக்குள் போய் டிப்பராகவோ டேங்கராகவோ வெளியே வரும். அப்படிப்பட்ட வண்டியில் டேஷ்போர்டு கம்பெனியில் செய்தது, பாடி பட்டறையில் செய்தது. இரண்டுக்கும் நடுவே தகவல் சொல்லும் ஸ்விட்ச், சேஸிஸ் மீது போல்ட் போட்டு மாட்டிய ஒரு சின்னத் தகட்டில், சேறும் கல்லும் தெறிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எத்தனை நாள் ஆயுசு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அணையாத விளக்கு

ஜல்லியைக் கொட்டியாகிவிட்டது. பாடியும் இறங்கிவிட்டது. விளக்கு அணையவில்லை, பஸ்ஸரும் கத்துகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது விளக்கை அல்ல, பாடியைத்தான். பின்கதவுப் பக்கம் சிதறிய ஒரு கல் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால்கூட பாடி ஓர் அங்குலம் தூக்கலாகவே நிற்கும். டிரைவர் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. இறங்கி இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். ஈரமண் ஏற்றிய வண்டியில் இன்னொரு தொல்லை. மண் பாடியின் முன்பக்கத்தில் அப்பிக்கொண்டு கொட்டாமலே நிற்கும்.

அடுத்து பி.டி.ஓ. என்ஜின் சக்தியில் கொஞ்சத்தை எடுத்து ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கும் பகுதி அது. சில வண்டிகளில் அதற்குத் தனி விளக்கு, சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே பஸ்ஸர். எரிவது எந்த விளக்கு என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். பி.டி.ஓ-வை விடுவிக்காமல் கியர் போட்டுக் கிளம்பினால், வண்டி ஓட ஓட பம்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் சூடேறும், சீல் போகும். அதைவிட மோசம், கன்ட்ரோல் லீவர் சரியான இடத்தில் இல்லையென்றால் பாடி கொஞ்சம் கொஞ்சமாக, டிரைவருக்கே தெரியாமல் மேலே எழும். ஓடும் டிப்பர் மேம்பாலத்திலும் சாலைக்கு மேலுள்ள வழிகாட்டிப் பலகையிலும் மோதுகிற வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வரும்போது, 'பாடியைத் தூக்கிக்கிட்டு எப்படிப்பா ஓட்டுவான்?' என்று சிரிக்கிறோம். அவர் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார். வழியில் அதுவாக எழுந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய விளக்கு அன்றைக்கு வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

பாடி முழுசாகப் படிந்திருக்கிறது, பி.டி.ஓ-வும் விலகியிருக்கிறது என்றால்தான் ஸ்விட்சின் பக்கம் போக வேண்டும். பெரும்பாலும் காரணம் அழுக்கு. பழைய ரகம் என்றால் ஒரு குட்டி லீவரைப் பாடி வந்து அழுத்தும். அந்த லீவர் துருப்பிடித்து மடங்கிப் போயிருக்கும். புது ரகம் என்றால் இரும்பு சில மில்லிமீட்டர் தூரத்தில் வந்ததும் உணரும் சென்சார். அதை மாட்டியிருக்கும் தகடு கல் பட்டுக் கொஞ்சம் வளைந்தாலே இடைவெளி கூடி, 'பாடி இன்னும் வரவில்லை' என்று சொல்லத் தொடங்கிவிடும். இந்த சென்சார்கள் பலவற்றின் பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் உண்டு. ஒரு ஸ்பேனரை அதன் முகத்துக்கு அருகில் கொண்டுபோகும்போது அது எரிந்தால் சென்சார் பிழைத்திருக்கிறது, கோளாறு ஒயரிலோ இடைவெளியிலோ என்று அர்த்தம். பாடி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஒயர் உரசுவதால் அது அறுந்துபோவதும், கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பூப்பதும் வழக்கமான விஷயங்கள்.

இதையெல்லாம் பார்க்க பாடியைத் தூக்க வேண்டியிருந்தால், முட்டுக்கம்பி போடாமல் கீழே தலையை நுழைக்கவே கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போவது தற்கொலைக்குச் சமம். ஒரு ஹோஸ் வெடித்தால் டன் கணக்கில் இரும்பு ஒரே விநாடியில் இறங்கிவிடும். பாடியுடன் வந்த முட்டுக்கம்பியை ஏதோ ஒரு பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்ட வண்டிகளும் ரோட்டில் ஓடுகின்றன என்பதுதான் வருத்தம்.

ஒயரை வெட்டும் வைத்தியம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒயரை வெட்டிவிடுவது. இல்லையென்றால் லிமிட் ஸ்விட்ச் லீவரைக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவது, சென்சார் முகத்தில் ஒரு துண்டு இரும்பை ஒட்டிவிடுவது. சத்தம் நின்றுவிடும், டிரைவருக்கு நிம்மதி, ட்ரிப் தப்பாது. ஒரு நாளைக்கு இத்தனை லோடு என்று கணக்குப் பார்க்கும் தொழிலில் எலக்ட்ரீசியன் கடை வாசலில் அரை நாள் நிற்பது சம்பளத்தில் கை வைக்கும் விஷயம். அதனால் டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த அரை நாளைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. சென்சார் ரகத்தில் பொதுவாக 'பாடி படிந்திருக்கிறது' என்ற தகவல் வந்தால்தான் விளக்கு அணையும். ஒயர் அறுந்தால் தகவல் வராது, விளக்கு எரியும். அதாவது, கெட்டுப்போனால் கத்துகிற ரகம். நம்மைக் கடுப்பேற்றும் இந்த ரகம்தான் உண்மையில் நல்ல ரகம். பாடி எழும்போது மட்டும் இணைப்பு ஏற்பட்டு விளக்கு எரியும் இன்னொரு ரகம் உண்டு. அதில் ஒயர் அறுந்தால் விளக்கு எப்போதுமே எரியாது. எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். சாவி போட்டதும் டேஷ்போர்டு விளக்குகள் சில விநாடிகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்ப்பதும், காலி வண்டியில் மேலே ஒயர் இல்லாத சமதளத்தில் பாடியைக் கொஞ்சம் தூக்கி விளக்கு வருகிறதா என்று சோதிப்பதும் இதற்காகத்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

5.8 மீட்டர் கணக்கு

பாடி எழுந்தால் எவ்வளவு உயரம் போகும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிகிற கணக்குதான். 5 மீட்டர் நீளப் பாடியை 45 டிகிரி தூக்கினால் அதன் முன்முனை சுமார் 3.5 மீட்டர் மேலே ஏறும். பாடி தரையிலிருந்து ஏற்கெனவே சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேல் முன்பக்கச் சுவர், கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகரம் என்று இன்னும் ஒன்றரை மீட்டர். மொத்தம் 6 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. விதிப்படி ஓடும் லாரியின் உயரம் 4 மீட்டர்தான். நெடுஞ்சாலைப் பாலங்களுக்குக் கீழே விடும் இடைவெளி 5.5 மீட்டர்.

மின்கம்பிக்கு வருவோம். சாலையைக் குறுக்காகக் கடக்கும் கம்பி, வீடுகளுக்குப் போகும் குறைந்த அழுத்த லைன் என்றால் 5.8 மீட்டர், 11,000 வோல்ட் என்றால் 6.1 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலிருந்து, 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதிகள் வரை இதே அளவுதான். சாலையில்லாத காட்டுவழியில் 11,000 வோல்ட் கம்பிக்கே 4.6 மீட்டர் போதும் என்கிறது விதி. நம் ஊரில் மண்ணும் ஜல்லியும் கொட்டுவது பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தானே? வெயில் ஏற ஏறக் கம்பி தொய்ந்து இன்னும் கீழே வரும். ரயில் பாதைக்கு மேலே போவதோ 25,000 வோல்ட். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் வண்டிகளில் மாஸ்ட்டை நிமிர்த்தும்போதும் மடக்காமல் நகர்த்தும்போதும் இதே ஆபத்து இருக்கிறது.

வீடு கட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லோடு வந்ததும் 'இங்கேயே கொட்டிருங்கண்ணா' என்று கை காட்டுவது நாம்தான். கை காட்டும் முன் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கம்பி இருந்தால் வேறு இடம் காட்டுங்கள். மணலைப் பாண்டில் அள்ளிப் போட ஆகும் கூலி பெரிதல்ல. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் தூக்கிய பாடியோடு வண்டியே சாயும், அதனால் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் விட வேண்டாம். கொட்டி முடித்த வண்டி பாடியை இறக்காமலே நகர்ந்தால் சத்தம் போட்டு நிறுத்துங்கள். வெட்டிய ஒயருக்குப் பதில் அந்த நேரத்தில் நீங்கள்தான் விளக்கு.

அதையும் மீறி பாடி கம்பியில் பட்டுவிட்டால்? டிரைவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. உள்ளேயே இருந்தபடி பாடியை இறக்கவோ வண்டியை நகர்த்தவோ முடிந்தால் செய்யலாம். முடியாவிட்டால், மின்சாரத்தை நிறுத்தும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் வைக்கிற அந்த ஒரு நொடிதான் ஆளைக் கொல்கிறது. தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில், வண்டியைத் தொடாமல் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக் குதிக்க வேண்டும். பிறகு கால்களைப் பிரிக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து 10 மீட்டராவது தள்ளிப்போக வேண்டும். சுற்றி நிற்கிறவர்களும் காப்பாற்றுகிறேன் என்று ஓடிப்போய் வண்டியைத் தொடக் கூடாது. சூடேறிய டயர் கொஞ்ச நேரம் கழித்து வெடிக்கலாம் என்பதால் மின்சாரம் நின்ற பிறகும் நெருங்க வேண்டாம். தமிழ்நாடு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, அவசர உதவிக்கு 112. முதல் எண்ணை இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிப்பர் ஓட்டுகிற உறவுக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.