ஊருக்குப் போனதும் நின்றுபோகும் இணையம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிக் கணினி கற்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நேரும் சங்கடம் ஒன்றுண்டு. வகுப்பிலே ஒழுங்காக வேலை செய்த லினக்ஸ் மடிகணினி, விடுமுறைக்கு மன்னாருக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோனதும் இணையத்தைத் தொட மறுக்கிறது. பழுதென்று எண்ணிக் கடையிலே கொடுத்துக் காசை விரயம் செய்கிறார்கள். உண்மையில் பழுது ஏதுமில்லை.

பல நிறுவனங்களில் கணினிகள் நேரடியாக இணையத்துக்குச் செல்வதில்லை. 'புரொக்சி' எனப்படும் பதிலாள் கணினியே அவற்றுக்காகக் கேட்டு வாங்கித் தருகிறது. ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து மற்றவருக்கும் கொடுப்பதால், இணைப்பு மெதுவாயிருந்த 1990களில் இது பெரும் சிக்கனமாயிருந்தது. இன்று பெரும்பாலான பக்கங்கள் மறைகுறியிலே வருவதால் அந்தச் சிக்கனம் குறைந்து, கட்டுப்பாடே மிஞ்சியிருக்கிறது.

பதிலாளின் விலாசத்தை நாம் 'சூழல் மாறி' என்னும் பெயர்ச்சீட்டில் எழுதிவைக்கிறோம். 'எச்டிடிபி புரொக்சி', 'எச்டிடிபிஎஸ் புரொக்சி' என்பன அச்சீட்டுகள். இரு சொற்களுக்குமிடையே கீழ்க்கோடு இடவேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுவதே நல்லது. முதலாவதைப் பெரிய எழுத்தில் எழுதினால் 'கேர்ல்' நிரல் அதைப் பொருட்படுத்தாது. இணையத் தளங்களை நடத்தும் சில நிரல்களில், வெளியாள் அனுப்பும் ஒரு தலைப்புவரி அதே பெயரில் மாறியாகிவிடும் என்பதே காரணம். 2016இல் இவ்வாபத்து 'எச்டிடிபிஒக்சி' என்ற பெயரில் பரவலாகப் பேசப்பட்டது.

'எக்ஸ்போர்ட்' என்று கட்டளையிட்டால்தான் அச்சீட்டு அந்தச் சாளரத்திலிருந்து பிறக்கும் நிரல்களுக்குப் போகும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகுமேயன்றி அடுத்த வீட்டுக்குப் போகாது. சாளரத்தை மூடினால் அதுவும் மறையும். 'சூடோ' கட்டளையும் வழக்கமாக அதைக் கழித்துவிடும். ஆகவே உலாவி வேலை செய்யும், பாதுகாப்புப் புதுப்பித்தல் மட்டும் சத்தமின்றி நின்றுபோகும். மாதக்கணக்கில் இதைக் கவனியாதிருப்பதே பெரிய கேடு. 'ஏபிடி'யின் சொந்த அமைப்புக் கோப்பில் விலாசத்தைத் தனியே எழுதிவிடலாம்.

நிலையாக இருக்கட்டுமென்று 'என்விரன்மென்ட்' கோப்பில் எழுதியவர்களே ஊரில் திண்டாடுகிறார்கள். அங்கே அந்தப் பதிலாள் இல்லை. கணினியோ அதையே தேடிக்கொண்டிருக்கும். கோப்பிலுள்ள வரியை நீக்கி, வெளியேறி மீண்டும் நுழைந்தால் போதும். ஏபிடி கோப்பில் எழுதிய வரியையும் மறவாமல் நீக்கவேண்டும். ஒரு சாளரத்துக்கு மட்டுமென்றால் 'அன்செட்' கட்டளை உண்டு.

பதிலாளின் கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் எழுதுவோரும் உளர். அக்கணினியைப் பாவிக்கும் எவரும் வழக்கமாக அதை வாசிக்கலாம். பலர் பாவிக்கும் கணினியில் அது வேண்டாம்.