இரவு வேலையும் 'பழகிவிடும்' என்ற கதையும்

ஸ்காபரோவிலுள்ள தொழிற்சாலையொன்றில் இரவு பதினொரு மணி சிவ்ற்றில் சேர்ந்த முதற் கிழமை, அங்கு நெடுநாளாக வேலை செய்யும் எம்மவர் ஒருவர் சொன்னார்: "கொஞ்ச நாளிலை பழகிவிடும் சேர்." ஆறு வருடமாகிறது. பழகவில்லை.

என் மனத்திடத்தின் குறை என்றே எண்ணியிருந்தேன். பகலில் ஏழு மணித்தியாலம் படுத்தாலும் நான்கு, ஐந்தில் நித்திரை அறுந்துவிடும். புத்தகத்தில் இருபது பக்கம் தாண்டினால் முதற் பக்கம் மறந்துவிடுகிறது. குறிப்பின்றி விரிவுரை செய்தவனுக்கு இது சிறிய இழப்பல்ல.

'பழகிவிடும்' என்பதைத் தன் உடலிலேயே சோதித்த ஒருவர் இருக்கிறார். நதானியல் கிளைற்மன், கிஷினேவில் பிறந்த யூதர். 1915இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். எம்மைப்போல் ஊர் விட்டவர்தான். 1938இல் மாணவர் புரூஸ் ரிச்சாட்சனுடன் கென்ரக்கியின் மமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார். வெயில் எட்டாத அவ்விடத்தில் ஒரு நாளை 28 மணித்தியாலமாக்கி, 19 மணித்தியாலம் விழித்து, 9 மணித்தியாலம் படுத்தார்கள். இருபதுகளிலிருந்த மாணவரின் உடல்வெப்பம் ஒரு கிழமையளவில் புதிய நாளுக்கு இசைந்தது. 43 வயதான ஆசிரியரின் உடலோ கடைசிவரை 24 மணித்தியாலத்தை விடவில்லை. இருவரை வைத்து விதி வகுக்க முடியாதுதான். ஆனாலும் ஐம்பது கடந்த எனக்கு அது பெரும் ஆறுதல்.

மூளையின் அடிப்பாகத்திலுள்ள சிறு நரம்புக்கலத் தொகுதியொன்று, கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு உடலின் நேரத்தைச் சரிபார்க்கிறது. இக்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அதிகாலையில் உடல்வெப்பம் மிகத் தாழும். இயந்திரத்தின் முன் எமக்குக் கண் செருகுவது அப்போதுதான். காலை ஏழு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கையில் முகத்தில் விழும் வெயில், விடிந்துவிட்டதென்று அக்கடிகாரத்துக்கு அறிவிக்கிறது. வெப்பம் ஏறும் வேளையில் நாம் படுக்கிறோம். களைப்பினால் ஆழ்நித்திரை முதலில் வந்தாலும் மிகுதி கைகூடுவதில்லை. கற்றதை மூளை நிலைநிறுத்த அந்த மிகுதியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இலும், மீண்டும் 2019இலும், இத்தகைய இரவு வேலையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படுபவற்றுள் சேர்த்தது.

மார்க்சின் 'மூலதனம்' நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை ஒருகாலத்தில் மாணவர்க்கு விளக்கினேன். இரவு வேலை பற்றி அங்கு நிறையவே உண்டு. அப்போது நான் எட்டு மணித்தியாலம் உறங்கி, பத்து மணிக்கு விரிவுரைக்குப் போனவன்.

எம்மவரிடையே நித்திரை முழித்து இரண்டு வேலை செய்வது பெருமை. செல்லடிக்குப் பழகினோம் என்ற அதே வாயால்தான் இதையும் சொல்கிறோமோ என்ற சந்தேகம் எனக்குண்டு.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். காலையில் கறுப்புக் கண்ணாடி அணிகிறேன். சற்றுப் பலனுண்டு. பகல் சிவ்ற்றுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் குறையும். வீட்டில் அதுபற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.