நாய்க்குப் படிக்கத் தெரியாது, நமக்குத் தெரியுமே!

கேமரன் மலையில் கியா பார்ம் சந்தைக்குப் பின்புறம், காய்கறித் தோட்டங்களை ஒட்டித்தான் எங்கள் பாட்டி வீடு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான இடம். காலை ஏழு மணி வரை பனி மூட்டம் விலகாது. பக்கத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். இந்தப் பக்கம் நாய் வளர்க்காத வீடுகள் குறைவு. இரவில் முட்டைகோஸ் பாத்திக்குக் காவல் அவைதாம்.

எங்கள் வீட்டில் இரண்டு. பிளாக்கிக்கு வயது பதினொன்று. டைகருக்கு ஒன்பது மாதம். சென்ற பருவ விடுமுறைக்கு நான் ஊருக்குப் போன அன்று டைகரின் உணவு மூட்டை தீர்ந்திருந்தது. கடையில் கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் பிரித்துக் கட்டிய உலர் உணவு மலிவாகக் கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கி வந்து அன்று மாலையே தட்டு நிறையக் கொட்டினேன். மறுநாள் டைகருக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் எழுந்து நிற்கவே தள்ளாடியது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கினோம்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டு என்னிடம் நான்கே கேள்விகள் கேட்டார். இது எந்த வயது நாய்க்கான உணவு? உள்ளே என்னென்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எப்போது காலாவதியாகும்? நான்கிற்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையில் ஓர் எழுத்துகூட இல்லை.

வீடு திரும்பியதும் பாட்டி கேட்டார்: “ஏன்யா, நீ படிச்ச புள்ளதானே? பேரு தெரியாத சாப்பாட்டையா போட்ட?”

டைகர் பிழைத்துக்கொண்டது. அந்த நான்கு கேள்விகளுக்கு நான் தேடிப் படித்த பதில்களே இந்தக் கட்டுரை.

சோறா, பிஸ்கெட்டா?

பாட்டி உலர் உணவை இன்றும் “நாய் பிஸ்கெட்டு” என்றுதான் சொல்வார். அதில் தவறில்லை. 1860ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தயார் நாய் உணவு பிஸ்கெட்தான். மாவையும் இறைச்சியையும் கலந்து அழுத்தத்திலும் வெப்பத்திலும் வேகவைத்து, பொரி போல உப்பச் செய்யும் இன்றைய முறை 1950களில் அமெரிக்காவில் பரவியது.

அப்படியானால் தோட்டத்து நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்ததே, அது தவறா? முழுத் தவறு இல்லை. சுவீடன் ஆய்வாளர்கள் தலைமையில் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்களில் 2 பிரதிகளே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து நாயும் சோறு தின்னப் பழகிவிட்டது. ஆனால் வெறும் சோற்றில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. மேலே ஊற்றும் சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. திராட்சை, சாக்லெட் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை.

முதல் கேள்வி: யாருக்கான உணவு?

வளரும் குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் தேவை வேறு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ‘ஆஃப்கோ’ வகுத்த அளவுகளைப் பல பைகளில் காணலாம். ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதம். குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5 விழுக்காடு. கொழுப்பு முறையே 5.5, 8.5 விழுக்காடு. ஆகவே பையில் “பப்பி”, “அடல்ட்”, “ஆல் லைஃப் ஸ்டேஜஸ்” என்று எது எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். “முழுமையான, சமச்சீரான உணவு” என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அது இடைத்தீனி. தினசரி உணவு அல்ல.

ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டி வளர்ப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குட்டியின் உடல் வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மிகுந்தால் எலும்பு கோணும். “எலும்பு பலமாகட்டும்” என்று தனியாகக் கால்சியம் மாத்திரை கொடுப்பது உதவி அல்ல, கெடுதல்.

இரண்டாம் கேள்வி: உள்ளே என்ன?

மூலப்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்படுகின்றன. முதலில் “சிக்கன்” என்றிருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பச்சைக் கோழியிறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்தபின் அதன் பங்கு சுருங்கிவிடும். “சிக்கன் மீல்” என்பது ஏற்கனவே நீரும் கொழுப்பும் நீக்கப்பட்ட தூள். பெயர் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் அதில் புரதம் அதிகம்.

வெறும் “மீட் மீல்” என்றிருந்தால் எந்த விலங்கு என்று தெரியாது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாங்குவதில்லை. பாட்டிக்கு அது முக்கியம். எனவே விலங்கின் பெயர் தெளிவாக உள்ள பையையே எடுக்கிறோம். உணவு ஒவ்வாமையால் சொறியும் நாய்க்கும் இந்தத் தெளிவு தேவை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, என்ன கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டுமே!

தானியம் இல்லாத உணவே உயர்ந்தது என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு வகைகளை மிகுதியாகச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் அரிசியை ஒதுக்க வேண்டியதில்லை.

புரதத்தை ஒப்பிடும்போது ஒரு கணக்கு உண்டு. உலர் உணவில் ஈரம் 10 விழுக்காடு, புரதம் 20 விழுக்காடு என்றால், 20ஐ 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 22.2. டின் உணவில் ஈரம் 78, புரதம் 8 என்றால், 8ஐ 22ஆல் வகுக்க வேண்டும்: 36.4. பார்வைக்குக் குறைவாகத் தெரிந்த டின்னில்தான் உண்மையில் புரதம் அதிகம்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு?

இதற்கும் கணிதம் உதவும். நாயின் எடையை மூன்று முறை பெருக்கி, இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக்கான கிலோகலோரி கிடைக்கும். 15 கிலோ நாய்க்கு: 15×15×15 = 3,375. இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7.6. எழுபதால் பெருக்க ஏறக்குறைய 530. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்குவார்கள், சுமார் 850 வரும். டைகர் வயதுக் குட்டிக்கு ஏறத்தாழ 2ஆல் பெருக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. அதற்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். குளிரில் வெளியே படுக்கும் நாய்க்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

இந்தக் கணக்கு பணத்தையும் காட்டிக்கொடுக்கும். ஓர் உணவு கிலோ 8 ரிங்கிட், 100 கிராமுக்கு 300 கிலோகலோரி; மற்றொன்று 12 ரிங்கிட், 400 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். அதே 15 கிலோ நாய்க்கு முதலாவதில் 283 கிராம் வேண்டும், செலவு 2 ரிங்கிட் 26 சென். இரண்டாவதில் 213 கிராம், 2 ரிங்கிட் 56 சென். கடையில் 4 ரிங்கிட்டாகத் தெரிந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு 30 சென்தான். அதற்காக விலை கூடியதுதான் நல்லது என்று பொருளல்ல. கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் கேள்வி: எப்போது வரை?

எங்கள் மலையில் இதுதான் பெரிய சிக்கல். பனியும் ஈரமும் திறந்த பைக்குள் இறங்கும். கொழுப்பு காறும், பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும். சில சமயம் தொழிற்சாலைக்கு வரும் சோளத்திலேயே அது இருந்துவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த உலர் உணவு திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. எந்தெந்தப் பைகள் ஆபத்தானவை என்று மக்கள் அறிந்தது அச்சிட்ட தொகுதி எண்ணை வைத்துத்தான். பிரித்துக் கட்டிய பையில் அந்த எண் ஏது?

அதனால் ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். பையோடு மூடிபோட்ட வாளியில் வையுங்கள். பழைய தூளின்மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

உணவை மாற்றும்போது அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள் கால்பங்கு புதியது, அடுத்து அரைப்பங்கு, பிறகு முக்கால்பங்கு என ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். நான் ஒரே வேளையில் மாற்றினேன். டைகரின் வயிறு கெட்டது அதனாலா, உணவே கெட்டிருந்ததா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. பையில் விவரம் இருந்திருந்தால் பாதிக் கேள்விக்காவது விடை கிடைத்திருக்கும்.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்குக்கு ஏற்ற உணவு கிடைக்கச் செய்வதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமா இது?

இப்போது எங்கள் வீட்டு வாளி மூடியில் இரண்டு கோப்பைகள் வரைந்து ஒட்டியிருக்கிறேன். ஒன்று பிளாக்கிக்கு, ஒன்று டைகருக்கு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. கோப்பையின் கோடு தெரியும். சாம்பார் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது வெறும் சோறும் வேகவைத்த கோழியும் ஒரு கைப்பிடி வைப்பார். அதை நான் தடுப்பதில்லை.

மாணவ நண்பர்களே, நம் வீடுகளில் ஆங்கிலமும் மலாயும் தமிழும் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாம்தாம். தாத்தா பாட்டியின் மருந்துச் சீட்டை நாம்தான் படித்துச் சொல்கிறோம். இந்த வார இறுதியில் வீட்டு மூலையில் இருக்கும் அந்தப் பையையும் திருப்பிப் பாருங்கள். நான்கு கேள்விகளில் எத்தனைக்கு விடை இருக்கிறது?